நோன்பு முறிந்ததா? டொப்பெல்பொக் பியரின் சுவைக்குறிப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தென் ஜெர்மனியின் டொப்பெல்பொக் பியரைச் சுவைத்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு சந்தேகம் எழாமல் போகாது: இவர்கள் குடித்தார்களா, சாப்பிட்டார்களா? ரொட்டியின் மேலோடு, காய்ச்சிய சர்க்கரைப் பாகு, உலர் திராட்சை, அத்திப்பழம் என்று நீளும் பட்டியல் முழுக்கத் தின்பண்டம். ஹாப்ஸின் கசப்புக்குக் கடைசியில் அரை வரி கிடைத்தால் அதிகம். இதை நாக்கின் வாக்குமூலமாக ஏற்றால், பல நூற்றாண்டுகளாக நிலுவையில் கிடக்கும் ஒரு வழக்குக்குத் தீர்ப்பு எழுதிவிடலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வழக்கின் பிரதிவாதிகள் 1627இல் மியூனிக்கில் குடியேறிய பவுலானர் துறவிகள். இத்தாலியரான புனித பிரான்சிஸ் நிறுவிய அந்தச் சபையில் இறைச்சி, முட்டை, பால் மூன்றும் ஆயுள் முழுக்க விலக்கு. தவக்காலத்தில் நெருக்கடி இன்னும் கூடும். திரவம் நோன்பை முறிக்காது என்ற விதி மட்டும் கைகொடுத்தது. எனவே திரவத்தையே கெட்டியாக்கினார்கள். (ஏகாதசிக்குச் சோற்றை விலக்கிவிட்டு ரவை உப்புமாவுக்கு இலை போடும் நம்மவர் இதற்கு முகம் சுளிக்க நியாயமில்லை.) அப்படிப் பிறந்ததே சால்வாட்டோர். அதைப் பார்த்துப் பிற ஆலைகளும் செலிப்ரேட்டர், ஆப்டிமேட்டர் என்று பெயர் சூட்டிக்கொண்டது தனி ஆய்வுக்குரியது.

சாட்சியின் நம்பகத்தன்மை மீதுதான் முதல் ஆட்சேபம் வரும். பவேரியாவின் 1516ஆம் ஆண்டுச் சட்டம் பியருக்கு அனுமதித்தவை பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகியவையே. இல்லாத திராட்சையை ருசித்த நாக்கை எப்படி நம்புவது? நம்பலாம். முளைகட்டிய பார்லியைச் சூட்டில் உலர்த்தும்போதும், அரைத்து ஊறவைத்த கூழில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவிட்டு மீண்டும் கலக்கும்போதும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலர் மயார் 1912இல் விவரித்த இதே வினைதான் அடுப்பில் ரொட்டியின் மேலோட்டையும் சிவக்க வைக்கிறது. ஆக, ரொட்டி என்று சொன்ன நாக்கு கற்பனை செய்யவில்லை. வேதியியல் தெரியாமலே வேதியியல் பேசியிருக்கிறது. அளவுக் கணக்கும் அதன் பக்கமே நிற்கிறது. டொப்பெல்பொக்குக்கு, நொதிக்கும் முன் சாற்றின் எடையில் குறைந்தது 18 சதவீதம் கரைந்த பொருளாக இருக்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 190 கிராம், பெரும்பாலும் சர்க்கரை. ஈஸ்ட் அதில் ஒரு பகுதியைச் சாராயமாக்கினாலும் உள்ளிருக்கும் ஆற்றல் அவ்வளவாகக் குறைவதில்லை.

துறவிகள் குடித்தது இன்றைய பியர் அல்லவே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான், ஆனால் அது அவர்களுக்கு உதவாது. பழைய டொப்பெல்பொக்கில் நொதித்தல் அரைகுறை என்பதால் சாராயம் குறைவு, இனிப்பு அதிகம். அதாவது, அது இன்னும் பெரிய சாப்பாடு.

எஞ்சுவது போப்பாண்டவரின் அனுமதி. துறவிகள் ஒப்புதல் கேட்டு ரோமுக்கு ஒரு பீப்பாய் அனுப்பினார்களாம். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிய வெயிலில் போய்ச் சேர்வதற்குள் அது புளித்துக் கெட்டுவிட்டதாம். ஒரு மிடறு குடித்த போப்பாண்டவர், இதைக் குடிப்பதே பெரிய தவம் என்று சம்மதித்தாராம். கதைதான், ஆவணம் இல்லை. வாதத்துக்காக ஏற்றுக்கொண்டாலும், அந்தச் சுவைக்குறிப்பில் ரொட்டியும் இல்லை, அத்திப்பழமும் இல்லை; மாதிரி வழியிலேயே கெட்டுப்போனது. அதை வைத்து வழங்கிய அனுமதி புளித்த பியருக்கு மட்டுமே செல்லும். மியூனிக் மடத்தின் குளிர்ந்த நிலவறையிலிருந்து புதிதாக வார்த்துக் குடித்த ஒவ்வொரு குவளைக்கும் ஒரு வேளைச் சாப்பாடு என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.