வித்தியாசம் தெரியுதா?

ஹெட்போனை நம் காதில் மாட்டிவிட்டு, அது முழங்கத் தொடங்கியதும் நம் முகத்தையே அதிசிரத்தையாகக் கவனித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையாண்டானை வாசகர்கள் அறிவார்கள். பகலில் பெங்களூர் வெளிவட்டச் சாலையில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் உத்தியோகம், இரவில் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ, கோரமங்கலாவிலோ, எங்கள் அல்சூரிலோ ஒரு மாடி வீடு, ஒரு லேப்டாப், எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்கள். இவ்வகையினர் அநேகமாக மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். தகப்பனார் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். மொட்டைமாடிக் குழாயைத் திறந்துவிட்டு மூட மறப்பது இவர்களுடைய பொது லட்சணம். தனிப்பட்ட எவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை.

அவன் இயற்றுவது சங்கீதமே. ஆனால் அதில் அவன் வாசிப்பது என்று ஒன்றும் கிடையாது. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க கோஷ்டியார் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்றொரு உருப்படி இருக்கிறது. அதன் நடுவில் மற்ற வாத்தியங்கள் யாவும் ஓய்ந்துவிட, கிரிகரி கோல்மன் என்ற டிரம் வித்வான் மட்டும் நாலு ஆவர்த்தனம், அதாவது சுமார் ஏழு விநாடி, தனியாக வாசித்துவிட்டுப் போகிறார். 1986-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு தொகுப்புத் தட்டில் அது இடம்பெற்றது. அங்கிருந்து ஹிப்ஹாப்காரர்கள் அந்த ஏழு விநாடியை எடுத்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் அதை வேகப்படுத்தி, வெட்டி, மாற்றி அடுக்கி, ஜங்கிள் என்று ஒரு சம்பிரதாயத்தையே ஸ்தாபித்துவிட்டார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிற ரசிகர்களை நாம் கச்சேரிதோறும் பார்த்திருக்கிறோம். தனிக்காகவே வந்து, தனி முடிந்ததும் எழுந்து போகிற ரசிகர்களும் பூமியில் உண்டு என்பதை நான் இவனிடமிருந்துதான் அறிந்தேன்.

ஏபிள்டன் என்ற சாஃப்ட்வேரில் அந்த ஏழு விநாடியை விரித்து, ஒவ்வோர் அடியும் எழும்புகிற இடத்தில் நறுக்கி, கிக் ஒரு துண்டு, ஸ்நேர் ஒரு துண்டு என்று கீபோர்டின் கட்டைக்கொரு துண்டாக ஒட்டி, நிமிஷத்துக்குச் சுமார் 136 அடியாக இருந்த வேகத்தை 170-க்கு ஏற்றி, கடைசித் துண்டை முதலிலும் முதல் துண்டைத் தலைகீழாகவும் வைத்து அவன் ஒரு கோவை செய்கிறான். செய்யட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செய்துவிட்டுக் கீழே இறங்கி வருகிறானே, அதுதான் உபத்திரவம்.

“அங்கிள், ரெண்டு வெர்ஷன் இருக்கு. சும்மா கேட்டுட்டுச் சொல்லுங்க.”

முதலாவது ஓடுகிறது; இரண்டாவது ஓடுகிறது; கண் வைத்தியர் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு ‘இதுவா, அதுவா’ என்று கேட்பதுபோல, மறுபடியும் முதலாவது, மறுபடியும் இரண்டாவது. “வித்தியாசம் தெரியுதா?” தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னால், இரண்டாவது ஆவர்த்தனத்தில் வரும் ஸ்நேரை எட்டு மில்லிசெகண்ட் பின்னுக்குத் தள்ளியிருப்பதைப் பற்றி ஒரு நீண்ட வியாக்கியானம் நிகழ்ந்து, அதன் பிறகு இரண்டும் ஆதியிலிருந்து போடப்படும். தெரிகிறது என்று பொய் சொன்னாலோ, “எங்கே?” என்று பரீட்சை. இரண்டாவதுதான் நன்றாயிருக்கிறது என்று ஒரு யூகத்தை வீசினால், அது அவன் போன மாதமே கழித்துப் போட்டதாக இருக்கும், முகம் வாடிவிடும். முதலாவது என்று கட்சி மாறினால், “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது அங்கிள்” என்று நன்றி கூறிவிட்டு மேலே போய், அனைத்தையும் கலைத்து மறுபடி அடுக்கி, இரவு பதினொரு மணிக்கு மூன்றாவது ஒன்றோடு வந்து கதவைத் தட்டுவான்.

இந்தப் பரீட்சைக்கு உட்படாத ஜீவன் எங்கள் கட்டடத்தில் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவன் தோளில் கேனோடு நின்று கேட்டிருக்கிறான். என் மனைவி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, “குக்கர் விசில் போட்டுதா, தெரியலையே” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வாட்ச்மேன் மட்டும் நாற்காலியில் அமர்ந்தபடியே சரியான இடத்தில் தலையை அசைத்தார் என்று இரண்டு நாள் அவருடைய ஞானத்தைப் புகழ்ந்து தள்ளினான். அந்த நேரத்தில் வாட்ச்மேன் தலை தினந்தோறும் அப்படித்தான் அசையும் என்பதையும், அது நித்திரையின் விளைவு என்பதையும் ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. எல்லாவற்றிற்கும் சிகரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, பிரயத்தனப்பட்டு ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்து அறிவித்தபோது, “ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள், டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்” என்றான்.

இவர்களுடைய தொழில் தர்மம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கோல்மன் மனுஷர், அவருடைய அடிகள் கடிகாரத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக விழுகின்றன. அந்தத் தளர்வுதான் அழகு என்று சொல்லி அந்த ஏழு விநாடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் திரையிலுள்ள கட்டங்களில் அச்சுப் பிசகாமல் உட்கார வைக்கிறார்கள். வைத்தபின் உயிர் போய்விட்டது என்று வருந்தி, அடிகளை இத்தனை சதவீதம் தாறுமாறாக விழச் செய்யும் ஒரு பொத்தானை அமுக்குகிறார்கள். கையில் இருந்ததை எடுப்பதற்கு ஒரு வாரம், அதைத் திரும்ப வருவிப்பதற்கு இன்னொரு வாரம். நடுவில் நமக்குப் பரீட்சை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்சாரம் இல்லாத ஓர் இரவில், லேப்டாப்பும் உயிர்விட்ட பிறகு, மாடிப்படியில் உட்கார்ந்து அந்த நாலு ஆவர்த்தனத்தையும் அவன் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பெரிய அடிகளுக்கிடையே கோல்மன் முணுமுணுப்பதுபோல் போட்டிருக்கும் சின்னஞ்சிறு அடிகளும், கடைசி ஆவர்த்தனத்தில் எதிர்பார்த்த இடத்தில் விழாமல் தயங்கி விழுகிற அந்த அடியும் தவறாமல் வந்தன. மிருதங்கம் கற்கப் போயிருந்தால் நன்றாக வந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. டி.ஏ.எஸ். மணி அவர்கள் 1964-ல் இதே பெங்களூரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளவாத்தியப் பள்ளியைத் தொடங்கியதையும், அப்பள்ளியின் குழுவினர் ஆர்.ஏ. ராமமணி அவர்களின் பாட்டோடு, சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் வித்வானுடன் சேர்ந்து 1983-ல் ‘ஜ்யோதி’ என்ற இசைத்தட்டை ஜெர்மானியக் கம்பெனியொன்றுக்காக வெளியிட்டதையும் அன்று அவனுக்குச் சாவகாசமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “அதுல டிரம்ஸ் மட்டும் தனியா வர்ற இடம் இருக்கா அங்கிள்?” என்றான்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்து, ‘ஆமென், பிரதர்’ உருப்படியில் அந்த ஏழு விநாடிக்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது என்று விசாரித்தேன். தெரியாது என்றான். வருஷக்கணக்காக அதை நறுக்குகிறவன், அதை ஒருமுறைகூட முழுவதும் கேட்டதில்லை. அந்தத் தட்டின் முன்பக்கத்தில் இருந்த ‘கலர் ஹிம் ஃபாதர்’ கிராமி பரிசு பெற்ற பாட்டு என்பதும் அவனுக்குச் செய்தி. என்னால் இதைச் சகிக்க முடியவில்லை. எட்டு மில்லிசெகண்டுக்காக ஒரு கட்டடத்தின் தூக்கத்தையே கெடுக்கிறவனுக்கு, அந்த மனிதர் எதிலிருந்து வந்து எதற்குள் திரும்பிப் போனார் என்று அறிய ஆசை இருந்திருக்க வேண்டாமா?

கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில் வறுமையில் காலமானார். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அவர் கை ஒலித்தும், அதற்காக அவருக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை. 2015-ல் பிரிட்டனில் சிலர் முன்னின்று வசூலித்த சுமார் 24,000 பவுனும் பாட்டின் உரிமையாளரான ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் போய்ச் சேர்ந்தது. கோல்மன் இறந்து அப்போது ஒன்பது வருஷமாகியிருந்தது. இதற்கெல்லாம் எங்கள் மாடிப் பிள்ளையாண்டான் பொறுப்பாளி அல்லன். ஆனால் அந்த உருப்படி முழுவதும் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதைக் கேட்காமல் இருப்பதற்கு அவனைத் தவிர வேறொருவரையும் குற்றம் சொல்ல முடியாது.