போர்க்காலத் துப்பாக்கியும் சட்டமும்

கேள்வி: இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய லூகர் கைத்துப்பாக்கியைச் சேகரிப்புக்காக வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: துப்பாக்கிக்கு எவ்வளவு வயதானாலும் சட்டம் அதற்கு ஓய்வு கொடுப்பதில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சுடும் திறனைத்தான் பார்க்கிறது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத தொன்மையான ஆயுதத்துக்கு 45-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. சுடக்கூடியது என்றால் உரிமம் கட்டாயம். லூகரின் 9 மி.மீ. ரகம் தடைசெய்யப்பட்ட வகை; அதற்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் போதாது, மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தாத்தா விட்டுச்சென்றதையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே உச்சவரம்பு. மூன்றாவதன் மீது ஆசை வந்தால் அருங்காட்சியகம் இருக்கிறது: சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட் கைத்துப்பாக்கியை அலகாபாத் அருங்காட்சியகத்தில் உரிமம் இல்லாமலே கண்ணாரக் காணலாம்.