எலிக்குப் பள்ளிக்கூடம் கட்ட ஓசூர் பட்டறைகளுக்குச் சில யோசனைகள்

வண்டிக் கம்பெனிக்காரர்கள் ஷெட்யூலைக் குறைத்துவிட்டார்கள். பிரஸ் மெஷின் தூங்குகிறது, ஷெட் வாடகையும் கரண்ட் பில்லும் மட்டும் விழித்திருக்கின்றன. சிப்காட்டில் இப்படி உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்றால், புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பரிந்துரைக்கிறேன். எடை கால் கிலோ, வெள்ளை உடம்பு, சிவந்த கண். பெயர் விஸ்டார் எலி. பில்லைத் தீர்க்கப்போவது அவரல்ல, அவரை வைத்து மூளையை ஆராயும் பெங்களூரு விஞ்ஞானிகள். அங்கே மனநல, நரம்பியல் ஆய்வு நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கும் சாலைக்கே ஓசூர் ரோடு என்றுதான் பெயர்; டெலிவரிக்கு வழி கேட்க வேண்டாம். மாநில எல்லையான ஜூஜூவாடியைத் தாண்டுவதால் ஐஜிஎஸ்டி போட மட்டும் மறக்காதீர்கள்.

அவர்களுக்கு வேண்டியது எலியைச் சோதிக்கும் கருவிகள். கைப்பழக்கத்துக்கு ஸ்கின்னர் பெட்டியில் தொடங்கலாம். நெம்புகோல் ஒன்று, தீனித் தட்டு ஒன்று; அழுத்தினால் உருண்டை விழும். 1930-களில் ஹார்வர்டில் இதைச் செய்த பி. எஃப். ஸ்கின்னர், உருண்டைகளையும் மாத்திரை அச்சில் தாமே உருட்டினார். ஒரு சனிக்கிழமை கையிருப்பைக் கணக்குப் பார்த்தால் திங்கள் காலைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. உட்கார்ந்து உருட்ட மனமில்லை. அழுத்தும்போதெல்லாம் கூலி என்பதை மாற்றி, நிமிடத்துக்கு ஓர் உருண்டை என்று வைத்தார். எலி ஸ்டிரைக் செய்யவில்லை, சீராக அழுத்திக்கொண்டே இருந்தது. எத்தனை அழுத்தத்துக்கு ஒரு கூலி என்பதையே பிடிபடாதபடி மாற்றிக்கொண்டிருந்தால் அது ஓய்வே எடுக்காமல் உழைக்கும் என்பது பிறகு தெரியவந்தது. இந்தப் பத்தியை உங்கள் எச்.ஆர். மேனேஜர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிளஸ் மேஸ். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், கூட்டல் குறி வடிவில் நான்கு கைகள். ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். எதிரெதிரான இரண்டுக்கு 40 செ.மீ. சுவர், மற்ற இரண்டும் மொட்டை. பயந்த எலி சுவருக்குள் பதுங்கும். பயம் தணிந்தது மொட்டைக் கையில் வந்து எட்டிப் பார்க்கும். பதற்றம் தணிக்கும் டையஸிபாம் மருந்தைக் கொடுத்தால் அங்கேயே உலாவும். இந்த இடத்தில்தான் தொழிற்பேட்டைப் பழக்கம் காலை வாரும். உயரத்தில் மொட்டை மேடையைக் கண்டால் உங்கள் சேஃப்டி ஆபீசருக்குக் கை சும்மா இருக்காது. கைப்பிடிக் கம்பி வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்துத்தான் அனுப்புவார். எலிக்குப் பயம் போய்விடும், ஆராய்ச்சியும் கூடவே போய்விடும்.

உண்மையான பரீட்சை நீர்த்தொட்டி. ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் விவரித்தது: பெரிய வட்டத் தொட்டி, பால் கலந்து வெளுக்கவைத்த தண்ணீர், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணில் படாத ஒரு மேடை. எலிக்கு நீந்தத் தெரியும், ஆனால் பிடிக்காது. சில நாள் பழகியபின் எந்தப் பக்கம் இறக்கிவிட்டாலும் நேராக மேடைக்குப் போய் ஏறிவிடும். தொட்டிக்குள் அடையாளம் ஏதுமில்லை. அறையின் கதவு, அலமாரி, சுவரில் தொங்குவது ஆகியவற்றை வைத்தே அது திசை பிடிக்கிறது. கடைசி நாளில் மேடையை எடுத்துவிட்டு, அது இருந்த கால்வட்டத்திலேயே எலி தேடுகிறதா என்று பார்ப்பார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை இழந்த எலிகள் இதில் தவறிவிட்டன என்று மோரிஸ் குழுவினர் 1982-இல் காட்டினார்கள்.

இதில் உங்கள் மைக்ரான் துல்லியத்துக்கு வேலையே இல்லை. தொட்டியின் உள்பக்கம் ஒரே ஒரு வெல்டிங் தழும்பு தெரிந்தால் போதும், எலி அதைப் பிடித்துக்கொண்டு பாஸாகிவிடும். ஃபைவ் எஸ் என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். இன்ஸ்டலேஷனுக்குப் போகும் பையன் பாதிப் பரிசோதனையில் சுவர்க் காலண்டரை இடம் மாற்றினால், எலியின் ஊரே திரும்பிவிடும். தண்ணீர் சுமார் 26 டிகிரி இருக்க வேண்டும். மார்கழியில் ஓசூர் குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பினால் எலி விறைத்துப்போகும், நோட்டில் அது மறதி என்று பதிவாகும்.

எலி உங்களைவிட நல்ல இன்ஸ்பெக்டர். நம் காது 20 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும்; அதன் காது அதைப் போல மூன்று மடங்கு தாண்டியும் கேட்கும். கம்ப்ரெஸ்ஸர் லைனில் நீங்கள் அறியாத கசிவு அதற்கு ஊளை. கட்டிங் ஆயில் வாடையோடு பெட்டியை அனுப்பக் கூடாது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த பெட்டியைத் தனியே ஒதுக்கிவையுங்கள், அந்த வாசனையையும் அது பாடமாகப் படித்துவிடும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014-இல் கண்டதோ இன்னும் வேடிக்கை: ஆண்கள் அருகில் இருந்தாலே, ஏன் அவர்கள் உடுத்திய டி-ஷர்ட்டை வைத்தாலே, எலிகளுக்கு மன அழுத்தம் ஏறியது, பெண்களிடம் அப்படி ஏறவில்லை. டிரையலுக்கு வேர்த்த சட்டையோடு சூப்பர்வைசரை அனுப்புவதற்கு முன் யோசியுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்று உங்கள் ஆடிட்டர் கேட்பார். பெங்களூரு உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்.-இல் சுமந்திரா சட்டர்ஜியின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். நிம்ஹான்ஸின் சங்கரநாராயண ராவும் அதில் பங்கேற்றார். தினமும் 2 மணி நேரம், 10 நாள், எலிகளை அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவில் கிளைகள் பெருகின. இதே குழுவின் 2004 ஆய்வில், 21 நாள் ஓய்வு கொடுத்தபோது முதலாவது தேறிக்கொண்டது, இரண்டாவது தேறவில்லை. அந்தப் பயத்தையும் பிளஸ் மேஸில் வைத்துத்தான் அளந்தார்கள். அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை கம்பெனி வேனில் தினமும் அசையாமல் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இந்த ஆய்வை விளக்க வேண்டியதில்லை.

மார்க்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. பார்மசி கல்லூரிகளை நம்பிக் கடன் வாங்காதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் ஆர். ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்பார்ம் மென்பொருளில் மாணவர்கள் திரையிலேயே விலங்குகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்க முடிகிறது. ஆராய்ச்சிக் கூடங்கள்தான் உங்கள் இடம், அங்கே பணம் மெதுவாகத்தான் வரும்.

கடைசியாக ஒன்று. ஆர்வக்கோளாறில் சரக்கையும் சேர்த்து சப்ளை செய்யக் கிளம்பாதீர்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் குடோன் எலி இதற்கு ஆகாது. அதன் வயது தெரியாது, லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், புதிய பொருளைக் கண்டால் கிட்டேயே வராது. அதோடு 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற நிறுவனத்தில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் எலி மேல் பரிசோதனை செய்யலாம். உங்கள் ஷெட்டில் டிரையல் ரன் பார்க்க முடியாது. கொட்டேஷனின் கடைசி வரியில் ‘எலி நீங்கலாக’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.