கைதேர்ந்தவர் யார்?

கேள்வி: 'கைதேர்ந்த திருடன்' என்றுதான் செய்திகளில் படிக்கிறோம். மருத்துவரைக் கைதேர்ந்தவர் என்றால் இழிவாகாதா?

பதில்: ஆகாது. 'தேர்' என்னும் வினையைத் திருக்குறள் ஆராய்தல் என்ற பொருளில் ஆள்கிறது. தேர்வும் தேர்ச்சியும் அதன் பிள்ளைகளே. பரீட்சையில் தேர்ச்சி பெறுவது அறிவு. திரும்பத் திரும்பச் செய்து தேர்வது கை. சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் பிடிக்கையில் விரலே அளவை அறிகிறது. பட்டம் வாங்கிய மறுநாளே எவரையும் இப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் இந்தச் சொல்லின் பெருமை. திருடனுக்கும் பொருந்துகிறதே என்பீர்கள். சொல் அளப்பது திறமையை, ஒழுக்கத்தை அல்ல. திருடன் தொட்டதையெல்லாம் அவனுக்கே விட்டுக்கொடுக்க முடியுமா? கைக்கு வேலையில்லாத தொழிலுக்குச் சரிவருமா என்றால், பாட்டையும் 'கைவந்த கலை' என்கிறோமே! அங்கே கை, வசப்பட்டதைக் குறிக்கிறது. ஆகவே வழக்கறிஞருக்கும் பேச்சாளருக்கும்கூடத் தாராளமாக எழுதலாம்.