ஏறாத ஏரியல்

ரேடியோவைப் போட்டால் தானாக எழும்பி, அணைத்தால் தானாக உள்ளே போகும் மோட்டார் ஏரியல், தொண்ணூறுகளில் காருக்கு ஒரு மிடுக்கு. அந்த மிடுக்கைப் பழைய கார் விலையில் வாங்கியவன் நான். கொஞ்ச நாளிலேயே ஏரியல் பாதியில் நின்றுகொண்டு கிர்ர்ரென்று கத்தத் தொடங்கியது.

விவரம் தெரிந்தவர் யாரும் கையை வைத்திருக்க மாட்டார்கள். நான் கிரீஸையே வைத்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் குழாய்கள் வழுக்கிக்கொண்டு போக வேறென்ன வேண்டும் என்பது என் கணக்கு. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையின் புழுதியும், பெருமாள்மலைக்கு மேலே காரை நனைக்கும் பனிமூட்டமும் அந்தக் கிரீஸில் ஒட்டி இறுகின. மோட்டார் விடாமல் தள்ள, ஏரியலை ஏற்றி இறக்கும் நைலான் கயிற்றின் பற்கள் மொரமொரவென்று உதிர்ந்தன.

"அண்ணே, இதுல யாரு கிரீஸ் வெச்சது?" என்றார் வத்தலக்குண்டு எலக்ட்ரீஷியன்.

"முன்னாடி வெச்சிருந்தவரு போல" என்றேன், கூசாமல்.

துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவினாலே போதுமாம். உடைந்த துண்டுகளை மோட்டார் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். புதுக் கயிற்றையும் அவரையே மாட்டச் சொல்லியிருக்கலாம். கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கயிற்றின் பற்கள் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ரேடியோவை அணைத்ததும் மோட்டார் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. "என்னங்க, போடவா, அணைக்கவா?" என்று ஸ்டியரிங் பக்கமிருந்து மனைவி கேட்க, நான் மாற்றிச் சொன்னேன். பற்களையும் மாற்றித் திருப்பிவைத்தேன். எப்படியோ உள்ளே திணித்து நட்டை முறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவித்தேன்.

அடுத்த முறை கொடைக்கானலில் ஏரிக்கரையில் நிறுத்தியபோது, கோடை பண்பலை வானொலி கணீரென்று கேட்டது. மச்சினனிடம், "எப்படிடா நம்ம வேலை?" என்றேன். அவன் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "மாமா, ஏரியல் விரக்கடை கூட வெளிய வரலையே!"

கோடை பண்பலையின் ஒலிபரப்புக் கருவி 10 கிலோவாட். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாவதால்தான் திண்டுக்கல், மதுரை, தேனி, திருச்சி என்று கீழே அத்தனை ஊர்களிலும் கேட்கிறது. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கார் ரேடியோவுக்கு உத்தமம். ஆனால் நிலையம் இருக்கும் ஊரிலேயே காரை நிறுத்தினால் விரல்நீளக் கம்பிக்கும் பாட்டு வரும். என் கைவேலைக்கு இதில் பங்கில்லை. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே வந்தால் தேய்ந்துவிடும். திரும்பும்போது கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாட்டு அறுந்து இரைச்சல் வந்தது. பின்சீட்டில் மச்சினன் ஒன்றும் பேசவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஏரியலை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு இன்னொரு கயிறு மட்டும் போதும். தனியாக விற்கும் கடை திண்டுக்கல்லிலோ மதுரையிலோ தெரிந்தால் சொல்லுங்கள். பற்கள் எந்தப் பக்கம் என்று அட்டையில் படம் போட்டிருந்தால் இன்னும் நல்லது.