மூக்கும் கண்ணாடியும்

கேள்வி: தன் உடம்பு தன்னுடையது என்று குழந்தைக்கு எப்போது தெரியும்?

பதில்: ஏறக்குறைய ஒன்றரை வயதில். குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்தும் சோதனையை 1972இல் உளவியலாளர் பியூலா ஆம்ஸ்டர்டாம் வெளியிட்டார். சின்னக் குழந்தை, கண்ணாடிக்குள் இருக்கும் 'பாப்பா'வோடு விளையாடும். 18 முதல் 24 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளின் கை தம் மூக்குக்கே போய்விடும். சாயம் அப்போது வெறும் வேடிக்கை. பிறகு நிறத்தையும் பருமனையும் குறையாக்குவது கல்யாண வீட்டு அத்தைகளின் துறை: "ஏண்டி இப்படிக் கறுத்துட்டே?" கால் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பேசும் வீட்டில் அந்தக் கேள்வி அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆனால் அம்மா எடை மிஷினில் ஏறி உச்சுக்கொட்டினால், மூன்று வயது வாண்டும் ஏறி உச்சுக்கொட்டும். எண் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.