‘பழைய பாடி’ அண்ணன்

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒருவர் போனில், “பாடி நல்ல கண்டிஷன்தான் தம்பி, நாளைக்கு பார்சல்ல வருது” என்கிறார். பக்கத்து சீட் ஆயா திடுக்கிட்டுத் தள்ளி உட்காருகிறது. அவர் சொல்வது கேமரா பாடி. அப்படியென்றால் அவர்தான் நம் ‘பழைய பாடி’ அண்ணன். இந்த இரண்டு மாவட்டத்திலும் தாலுக்காவுக்கு ஒருவராவது தேறுவார்.

இவர் கணக்கில் கேமரா உலகம் 2009-லேயே முடிந்துவிட்டது. 2005-ல் வந்த கேனன் 5டி, 2008-ல் வந்த நிக்கான் டி700, அதே ஆண்டின் 5டி மார்க் டூ, இவையே மும்மூர்த்திகள். 2009-ன் லைகா எம்9 கண்ணால் காணாத பரப்பிரம்மம். அதன் சிசிடி சென்சார் தரும் நிறத்தைப் பேசும்போது குரல் தழுதழுக்கும். அந்த சென்சாரின் மேல்கண்ணாடி அரித்துப்போனதை யாராவது ஞாபகப்படுத்தினால், “நல்லவங்களுக்குத்தாம்பா சோதனை” என்பார்.

“உங்க 5டி 12.8 மெகாபிக்சல்தானே மாமா, என் போனே 50” என்று எந்தப் பொடியனாவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. “மழைக்கு முத்தத்துல அண்டா வெச்சா தண்ணி சேருமா, டம்ளர் வெச்சா சேருமா? இது ஒவ்வொரு பிக்சலும் 8 மைக்ரான்டா!” போனின் குட்டி சென்சாரோடு மோதும்வரை பேச்சு நியாயம்தான். ஆனால் அதே முற்றம் முழுக்க டம்ளரை நெருக்கி அடுக்கினாலும் அதே மழைதான் சேரும். 5டி அளவு சென்சாரே உள்ள இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராக்கள் செய்வது அதைத்தான். இதை அவரிடம் சொல்லாதீர்கள். கடைசி பஸ்ஸும் போய்விடும்.

முதல் 5டியில் சென்சார் தூசியைத் தானே உதறிக்கொள்ளும் வசதி கிடையாது. மார்க் டூவில்தான் வந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாத அரியலூரில் இருந்துகொண்டு, தேடித் தேடி அதை வாங்கியவர் இவர். லென்ஸ் துவாரத்தை எஃப்16-க்குச் சுருக்கி வானத்தை எடுத்தால் மேகத்தைவிடத் தூசிப் புள்ளிகள் ஜாஸ்தி. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் இவருக்குக் காற்றுப் பம்ப்.

படமா? எடுப்பார். சாத்தனூர் கல்மரம்தான் ஆஸ்தான மாடல். சுமார் 12 கோடி ஆண்டுகளாக அசையாமல் படுத்திருக்கிறது. கண் சிமிட்டாது, “அண்ணே எப்ப ஆல்பம் தருவீங்க” என்றும் கேட்காது. லென்ஸை மாற்றி மாற்றி எஃப்2, 2.8, 4 என்று எடுத்து வந்து, கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஒரு வெடிப்பின் விளிம்பையே விடிய விடியப் பார்ப்பார். முழு மரத்தைப் பார்த்ததில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் அவர் படத்தில் மேல் இடது மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும். கார்னர் ஷார்ப்னஸ் பார்க்க வேண்டுமாம். இமயத்தைத் தாண்டிக் கரைவெட்டி ஏரிக்கு வரும் வரித்தலை வாத்துகள், இவர் 135 எம்எம் லென்ஸைக் கழற்றி 300-ஐ மாட்டுவதற்குள் அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

வீட்டில் மாட்டியிருக்கும் பிள்ளைகள் படமெல்லாம் அண்ணி போனில் எடுத்தது.

பழைய கேமரா வாங்கும் யோசனை இருந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சையைப் பிடிப்பதிலும், டி700-ன் ஷட்டருக்கு நிக்கான் சொன்ன ஒன்றரை லட்சம் கிளிக்கில் எத்தனை ஓடியிருக்கிறது என்று கறப்பதிலும், விற்கிறவனைப் பேசிப் பேசியே விலை இறக்க வைப்பதிலும் அவரை அடிக்க ஆளில்லை. பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் மட்டும் வேறு ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.